நிமிடத்துக்கு ஆறு மூச்சு

எங்கள் ஓமந்தூரின் பெயரைச் சொன்னவுடன் வெளியூர் முதியோர் பலருக்கு நினைவில் எழுபவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக விளங்கிய அவர், பதவியை விட்டபின் வடலூர் சென்று வள்ளலார் நெறியில் தம் பிற்காலத்தைக் கழித்தார். எனவே தியானம், மூச்சடக்கம், உண்டி சுருக்குதல் ஆகிய சொற்கள் எங்கள் ஊர்த் திண்ணைகளுக்குப் புதியனவல்ல. மணிலா பிடுங்கும் நாளிலும் அவற்றைப் பற்றிப் பேச ஆளிருக்கும். ஆனால் அச்சொற்கள் ஆய்வுக்கூடத்தில் கடிகாரமும் அளவியும் கொண்டு சோதிக்கப்படுவனவாக மாறியிருப்பதை, ஒரு நெருக்கடி வந்தபோதுதான் நாங்கள் கருத்தூன்றிப் பார்த்தோம்.

நெருக்கடி எங்கள் மூத்த அண்ணனால் வந்தது. 2021ஆம் ஆண்டு அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டு, புதுச்சேரியில் இதயக் குழாய்க்குள் ஸ்டென்ட் எனப்படும் வலைக்குழல் வைத்து அனுப்பினார்கள். நாளொன்றுக்கு ஏழு மாத்திரைகள். நான்கு திங்கள் கழிந்து யாரோ அழைக்க, ஒரு யோகப் பயிற்சி முகாமுக்குச் சென்று வந்தார். வந்தவர் முகத்தில் தெளிவு இருந்தது, உறக்கமும் சீரடைந்தது. அதுவரை மகிழ்ச்சியே. பத்தாம் நாள் அண்ணி எங்களைத் தொலைபேசியில் அழைத்து, அண்ணன் மாத்திரை உறைகளைப் பிரிக்காமலே அலமாரியில் அடுக்கி வைத்திருப்பதாக அழுதார். மூச்சுப் பயிற்சி ஒழுங்காகச் செய்பவனுக்கு மாத்திரை எதற்கு என்று முகாமில் சொல்லியிருக்கிறார்கள்.

இளையவர்களாகிய நாங்கள் அன்று மாலையே ஒன்று கூடினோம். "மாத்திரை தின்னுத் தின்னு நாக்கே செத்துப்போச்சு தம்பி. நம்ம முன்னோருங்க என்ன ஸ்டென்டா வெச்சிக்கிட்டாங்க?" என்றார் அண்ணன். அக்காவுக்கு வேறு கவலை. கிறிஸ்தவன் யோகம் பயிலலாமா, அது நம் விசுவாசத்துக்கு ஒவ்வுமா என்பதே அவர் கேள்வி. எங்களுள் கடைக்குட்டியான தங்கை மேனிலைப்பள்ளியில் உயிரியல் கற்பிப்பவர். அவர் மட்டும், "இதை யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா? முதலில் அதைத் தேடுவோம்" என்றார். ஆனால் அதற்குமுன் அன்றிரவே மாத்திரைகள் மீண்டும் உள்ளே போகவேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வலைக்குழல் வைத்த முதல் ஆண்டில், இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் குழலுக்குள்ளேயே இரத்தம் கட்டி மீண்டும் மாரடைப்பு வரக்கூடும். அது உயிரைக் குடிக்கும் வகை. இதற்கு ஆய்வுக் கட்டுரை தேட நேரமில்லை. மறுநாள் காலை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவரும் அதையே, சற்றுக் கடுமையாக, சொன்னார்.

பிறகுதான் தேடல் தொடங்கியது. தொலைவில் போக வேண்டியிருக்கவில்லை. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் பேருந்து நகருக்குள் நுழையும் முன்பே கோரிமேட்டில் ஜிப்மர் வாயிலைக் கடக்கிறது. எத்தனையோ முறை அந்த வாயிலில் நோயாளிகளோடு இறங்கியிருக்கிறோம். அதன் உடலியங்கியல் துறையில் பேராசிரியர் மதன்மோகனும் அவர் குழுவினரும் பல ஆண்டுகளாக யோகத்தை அளந்து வந்திருப்பதை அதுகாறும் நாங்கள் அறியோம். புதுச்சேரியில் மருத்துவரான சுவாமி கீதானந்த கிரி 1968இல் நிறுவிய ஆனந்தாசிரமத்தின் யோக மரபும் இவ்வட்டாரத்து ஆய்வுகளோடு நெருங்கிய தொடர்புடையது. 2008இல் ஜிப்மருக்குள்ளேயே யோக சிகிச்சைக்கெனத் தனி உயர் ஆய்வு மையம் ஒன்றும் எழுந்தது.

அவர்கள் 1992இல் வெளியிட்ட ஒரு கட்டுரை எங்களைக் கவர்ந்தது. 27 மாணவர்களுக்குப் பன்னிரண்டு வாரம் யோகப் பயிற்சி. முன்னும் பின்னும் எளிய சோதனைகள். விளக்கு எரிந்ததும் விசையை அழுத்த வேண்டும். அதற்கு ஆகும் நேரம், வினாடியில் ஆயிரத்தில் 270 பங்கிலிருந்து 225 பங்காகக் குறைந்தது. ஒலி கேட்டு அழுத்தும் நேரம் 194இலிருந்து 157 ஆயிற்று. பாதரச அளவியில் 40 மில்லிமீட்டர் அழுத்தத்தை ஊதி நிறுத்தி வைக்கும் நேரம் 37 வினாடியிலிருந்து 53 வினாடிக்கு உயர்ந்தது. கைப்பிடியின் வலிமையும் கூடியது. படித்துக் காட்டியபோது அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தங்கையோ பென்சிலால் ஓரத்தில் குறிப்பெழுதினார்: எந்தச் சோதனையையும் இரண்டாம் முறை செய்பவர் சற்றுத் தேர்ச்சி காட்டுவது இயல்பு, பயிற்சி பெறாதவர்களை அருகில் நிறுத்திப் பார்த்தால்தான் யோகத்தின் பங்கு எவ்வளவு, பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியும், மேலும் இவர்கள் இளைஞர், நோயற்றோர்.

அவர் சொன்னது ஆய்வைக் குறைத்துப் பேசுவதன்று. யோக ஆராய்ச்சியின் முள்ளே இதுதான். மாத்திரையைச் சோதிக்கும்போது ஒருவருக்கு மருந்தும் மற்றவருக்கு அதேபோன்ற வெறும் மாவு மாத்திரையும் கொடுக்கலாம். யார் எதை விழுங்கினார் என்பது அவருக்கே தெரியாது. தாம் செய்தது பத்மாசனமா இல்லையா என்பதை ஒருவரிடமிருந்து மறைப்பது எங்ஙனம்? அன்போடு பேசும் ஆசிரியர், ஒரு மணி நேர அமைதி, உடன் பயிலும் நண்பர்கள் ஆகியவையும் சேர்ந்தே வேலை செய்கின்றன. தாமாக முன்வந்து சேர்பவர்கள் ஏற்கெனவே தம் உடலைப் பேணுபவர்களாக இருப்பதும் உண்டு. இவற்றையெல்லாம் களைந்து எஞ்சுவது எவ்வளவு என்று காண்பதற்கே குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கிறார்கள்.

இவ்வாறு அளந்து பார்க்கும் ஆசை இன்று நேற்று வந்ததன்று. சுவாமி குவலயானந்தர் 1924இல் லோனாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவி, அவ்வாண்டிலேயே ஓர் ஆய்விதழையும் தொடங்கினார். வயிற்றை உள்ளிழுக்கும் கிரியைகளை எக்ஸ்-கதிர் கொண்டு படம்பிடித்தும், குடலுக்குள் அழுத்தம் குறைவதை அளவியால் கண்டும் எழுதியவர் அவர். 1935இல் தெரேசா புரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் இந்தியா வந்து, இதயத்தையே நிறுத்திக் காட்டுவதாகக் கூறப்பட்ட யோகியரின் துடிப்பைப் பதிவு செய்தார். சென்னையில் வாழ்ந்து பல மேலைநாட்டினருக்கும் ஆசிரியராய் விளங்கிய கிருஷ்ணமாச்சாரியார் அவருடைய பதிவுக்கு உட்பட்டவர்களுள் ஒருவர். இதயம் நின்றது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. பின்னர் 1957இல் அமெரிக்காவிலிருந்து வெங்கரும் பாக்சியும் வந்து, தில்லியின் ஆனந்துடன் சேர்ந்து அத்தகைய நால்வரை நுட்பமான கருவிகளால் ஆராய்ந்து, 1961இல் முடிவை வெளியிட்டனர். மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது. நாடி கைக்குத் தென்படாது, காதுக்கு ஒலியும் கேளாது. ஆனால் மின்பதிவிலோ இதயம் அடித்துக்கொண்டேதான் இருந்தது. நால்வருள் ஒருவர் மட்டும் துடிப்பை உண்மையிலேயே வெகுவாகத் தளர்த்திக் காட்டினார். நிறுத்தினார்கள் என்ற கதையைவிட, தளர்த்தினார் என்ற இந்தச் சிறு உண்மையே எங்களுக்கு வியப்பூட்டியது. வியப்பு பொய்யானபின் எஞ்சும் உண்மைக்கு ஏனோ மேடைகளில் கைதட்டல் கிடைப்பதில்லை.

அத்தளர்ச்சி எப்படி நிகழ்கிறது என்பதற்கும் ஜிப்மர் ஆய்வொன்று துணை செய்தது. 2004இல் வெளியான அதில் கல்லூரி மாணவர் 60 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மெல்லிய மூச்சுப் பயிற்சியும் மறுபாதியினருக்கு விரைவு மூச்சுப் பயிற்சியும் மூன்று திங்கள் கொடுத்தனர். நம் உடலில் விருப்பத்துக்கு உட்படாத நரம்புகள் இரு வகை. ஒன்று வண்டியின் முடுக்கி போன்றது. மற்றது தடை போன்றது. மெல்ல மூச்சுவிட்ட குழுவில் தடையின் ஆற்றல் கூடி முடுக்கியின் ஆற்றல் குறைந்தது. விரைந்து மூச்சுவிட்ட குழுவிலோ குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பிராணாயாமம் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் எல்லாம் ஒன்றல்ல என்பதை அண்ணனுக்கு உணர்த்த இது போதுமானதாயிற்று. முகாமில் அவர் பெரிதும் விரும்பிக் கற்றதும் அந்த விரைவு வகையைத்தான். இதயம் நொந்தவர் அத்தகைய வேகப் பயிற்சியையும் நீண்ட மூச்சடக்கத்தையும் மருத்துவரைக் கேளாமல் மேற்கொள்ளலாகாது.

சிரசாசனத்தைப் பற்றியும் அவருக்கு ஆசையிருந்தது. அதற்குச் சென்னை சங்கர நேத்ராலயா பதில் வைத்திருந்தது. 2006இல் அங்குள்ள கண் மருத்துவர்கள் 75 யோகப் பயிற்சியாளரைத் தலைகீழாக நிற்கச் செய்து கண்ணின் உள்ளழுத்தத்தை அளந்தபோது அது ஏறத்தாழ இரு மடங்காயிருந்தது. எங்கள் தந்தையார் கண்ணழுத்த நோயால் பார்வை இழந்தவர். அந்நோய் குடும்பவழியில் வரக்கூடியது. அத்துடன் சிரசாசனப் பேச்சு முடிந்தது.

இனி இதயத்துக்கு வருவோம். எங்கள் கேள்வியின் உயிர்நிலை அங்கேதான் இருந்தது. மாரடைப்பு வந்தவருக்கு யோகம் மறுபடி வராமல் தடுக்குமா? இந்தியாவிலேயே இதற்கென நடந்த மிகப் பெரிய சோதனையின் முடிவு 2020இல் வெளியாயிற்று. 24 மருத்துவமனைகள், மாரடைப்பிலிருந்து பிழைத்த 3,959 நோயாளர்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு 13 வகுப்புகள் கொண்ட யோகப் பயிற்சி; மறுபாதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு அறிவுரை வகுப்புகள். ஏறத்தாழ இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து, யார் இறந்தார், யாருக்கு மறுபடி மாரடைப்போ பக்கவாதமோ வந்தது, யார் அவசரமாக மருத்துவமனையில் சேர நேர்ந்தது என்று எண்ணினார்கள். யோகக் குழுவில் 131 பேர். மறு குழுவில் 146 பேர்.

இந்த இரண்டு எண்களையும் வீட்டுக் கரும்பலகையில் எழுதியபோது அண்ணன், "பாத்தியா, குறைவுதானே!" என்றார். குறைவுதான். ஆனால் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் கொண்ட இரு குழுக்களில் பதினைந்து பேர் வேறுபாடு என்பது, நாணயத்தைச் சுண்டும்போது தற்செயலாகவும் வரக்கூடிய அளவே என்று ஆய்வாளர்களே நேர்மையாக எழுதிவிட்டனர். எதிர்பார்த்ததைவிடக் குறைவானவர்களுக்கே மறுபாதிப்பு நேர்ந்ததால், சிறு நன்மை இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் ஆற்றல் அச்சோதனைக்குப் போதவில்லை. வகுப்புகளில் முக்கால் பங்குக்குமேல் வந்தவர்கள் நன்றாக இருந்தனர் என்றும் ஒரு குறிப்பு உண்டு. அண்ணன் அதைப் பற்றிக்கொண்டார். தங்கை விடவில்லை. "நன்றாக இருந்ததால் வந்தார்களா, வந்ததால் நன்றாக இருந்தார்களா? மூச்சு வாங்குகிறவர் எப்படி அண்ணே வகுப்புக்கு வருவார்?" என்று கேட்டார். அதற்கு எங்களில் யாரிடமும் மறுமொழி இல்லை.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு பகுதியும் இருந்தது. யோகம் பயின்றவர்கள் தம் நலத்தைச் சற்று மேலாக மதிப்பிட்டனர். முன்பு செய்துவந்த வேலைகளுக்குத் திரும்புவதிலும் அவர்கள் முன்னே நின்றனர். தம் உடல்நலத்துக்குத் தாமே நூற்றுக்கு மதிப்பெண் இடச் சொன்னபோது ஏறத்தாழ 77 எதிராக 76, பெரிய வேறுபாடன்று. எனினும் மாரடைப்பு வந்த உழவர் ஒருவர் மறுபடியும் ஏரிக்கரையில் நடந்து தம் நிலத்தைப் பார்க்கத் துணிவது சிறு செய்தியல்ல. நோய் வந்தவரைக் கொல்வது இதயம் மட்டுமன்று, அச்சமுந்தான் என்று நாங்கள் கருதுகிறோம். அண்ணன் அந்த நான்கு திங்களும் திண்ணையை விட்டு இறங்கவில்லை. அவரை இறக்கியது யோக முகாமே. அதற்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும். அதே முகாமில் மாத்திரையைப் பற்றி உதிர்த்த ஒரு சொல் அவரை இழக்கவும் செய்திருக்கும்.

மற்ற நோய்களைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். 1985இல் நாகரத்தினாவும் நாகேந்திராவும் ஆஸ்துமா நோயாளர் 53 பேருக்கு யோகம் பயிற்றி, அதே எண்ணிக்கையிலான மற்றவரோடு ஒப்பிட்டு, இழுப்பும் மருந்துத் தேவையும் குறைந்ததைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். பெங்களூர் நிம்ஹான்ஸில் மனச்சிதைவு நோயாளருக்கு மருந்தோடு துணையாக யோகம் தந்து பயன் கண்டிருக்கிறார்கள். நாட்பட்ட முதுகுவலிக்கு 2017இல் பாஸ்டனில் 320 பேரிடம் நடந்த சோதனை, யோகம் இயன்முறைச் சிகிச்சைக்குத் தாழ்ந்ததன்று என்றது. இவை ஒவ்வொன்றிலும் யோகம் மருந்தின் தோழனாக நிற்கிறது. பகைவனாக நின்ற ஓர் ஆய்வும் எங்கள் கண்ணில் படவில்லை.

அக்காவின் கேள்வி இன்னும் மீந்திருந்தது. அதற்கும் ஏடு தேடினோம். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானத்தைப் பற்றி 1989 அக்டோபரில் ஆயர்களுக்கு எழுதிய மடலில் யோகமும் பெயர் சுட்டப்படுகிறது. கீழை வழிகளிலுள்ள நல்லனவற்றை, கிறிஸ்தவ இறைவேண்டலின் தன்மை மறையாதவாறு ஏற்கலாம் என்பது அதன் கருத்து. உடற்பயிற்சியால் உண்டாகும் அமைதியையும் இதமான உணர்வையும் தூய ஆவியாரின் ஆறுதல் என்று எண்ணி மயங்கக்கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு. நாங்கள் படித்த ஆய்வுகளுக்குப் பின் இந்த எச்சரிக்கை எங்களுக்கு மிகவும் பொருத்தமாகவே பட்டது. நரம்பு தளர்ந்தால் அமைதி வருகிறது. அது படைப்பின் ஒழுங்கு, அதற்காக நன்றி கூறலாம். ஆனால் அமைதி வந்த அளவினால் இறைவனோடு உறவு கூடிற்று என்று கணக்கெழுத இயலாது. நம் அன்னையர் பலர் அழுதுகொண்டே செபித்தவர்கள். குளித்தலை அருகே சாந்திவனத்தில் 1950இல் மோன்ஷானின் அடிகளாரும் அபிஷிக்தானந்தரும் ஆசிரமம் அமைத்து, பாரதத்தின் மௌன மரபைக் கிறிஸ்தவத் துறவோடு இணைக்க முயன்றதை வாசகர் அறிவர். அவர்கள் தேடியது நாடித் துடிப்பின் சீரையன்று.

அக்காவை முழுதும் மகிழ்வித்தது வேறொன்று. 2001ஆம் ஆண்டு இறுதியில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இத்தாலியின் பெர்னார்டியும் அவர் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு அது. நலமுள்ள 23 பேரை இலத்தீன் மொழியில் செபமாலையின் மங்கள வார்த்தையைச் சொல்லச் செய்தனர். அதே மக்களை ஒரு யோக மந்திரத்தையும் சொல்லச் செய்தனர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகத் தளர்ந்தது. முன்னவர் பாதி சொல்ல மற்றவர் மறுபாதி சொல்லும் நம் வழக்கத்தில் ஒரு மங்கள வார்த்தைக்கு ஏறத்தாழப் பத்து வினாடி ஆகிறது. ஒருவர் ஒரே மூச்சில் தம் பகுதியைச் சொல்லி, மற்றவர் சொல்லும்போது மூச்சை உள்வாங்குகிறார். இரத்த அழுத்தத்திலும் இயற்கையாகவே பத்து வினாடிக்கு ஒருமுறை எழுந்து தாழும் அலையொன்று இருக்கிறது. மூச்சு அதனோடு இசைந்தால் அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயல் கூர்மையடைகிறது. இதய நோயாளருக்கு அது நலம் தரும் குறி. அக்கட்டுரையாசிரியர்கள், செபமாலை என்ற வழக்கமே இந்திய யோகியரிடமிருந்தும் திபெத்தியத் துறவியரிடமிருந்தும் அரேபியர் வழியாகச் சிலுவைப் போர் வீரர் கைக்கு வந்திருக்கலாம் என்றும் எழுதியுள்ளனர். இதயத்தை அளப்பதில் வல்லவர்கள் வரலாற்றிலும் வல்லவர்களாக இருக்கவேண்டும் என்பதில்லை. அதை நாங்கள் ஊகமாகவே விட்டுவிட்டோம். 23 பேர் என்பதும் சிறு எண்ணே என்று தங்கை வழக்கம்போல் நினைவூட்டினார்.

இப்போது அண்ணன் விடியலில் நாடிசுத்தி செய்கிறார். மெல்ல, மூச்சை அடக்காமல். பிறகு காலை மாத்திரைகள். ஆறு திங்களுக்கொருமுறை மருத்துவரைக் காண்கிறார். எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்பது அவர் பேனாவுக்கு விடப்பட்டிருக்கிறது. அந்த முகாமின் அழைப்பு இரண்டாம் முறை வந்தபோது அண்ணியே எடுத்துப் பேசி, "ஆசனம் சொல்லிக்குடுங்க ஐயா, மருந்து பத்தி நீங்க பேசவேணாம்" என்றாராம்.

மாலைச் செபமாலையில் மட்டும் ஓர் இடர். சென்ற வாரம் தங்கை கைக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தார். இத்தாலியில் பத்து வினாடி ஆன மங்கள வார்த்தை, முன்சொல்லும் எங்கள் சித்தியின் வாயில் ஆறு வினாடியில் முடிந்துவிடுகிறது. அண்ணனுக்கோ பதில் சொல்லி மாளவில்லை, மூச்சு வாங்குகிறது. "சித்தி, கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க, டாக்டர்மார் எழுதியிருக்காங்க" என்று வேண்டினோம். சித்தி கண்ணைத் திறக்காமலே, "இன்னும் மூணு பத்துமணி இருக்குது, சோறு ஆறிப்போவும்" என்று அடுத்த மணிக்கு நகர்ந்தார்.